280 என்ற எண்ணுக்குள்: ஒரு பழைய சுப்ராவின் விவரத்தாளை வாசிப்பது எப்படி?

அண்ணன் மகனுக்குக் கைப்பேசியில் கார் பந்தய விளையாட்டு என்றால் சோறு வேண்டாம். போன மாதம் அவன் திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "சித்தப்பா, இது ட்வின் டர்போ. டர்போ ரெண்டு இருந்தா பவரும் ரெண்டு மடங்குதானே? ஆனா 280தான்னு போட்டிருக்கான். பொய்!"

திரையில் இருந்தது 1993இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா சுப்ரா, ஏ80 தலைமுறை. அவன் ஒரே மூச்சில் சொன்ன மூன்றில் முதலாவது உண்மை, இரண்டாவது தவறு, மூன்றாவது பாதி உண்மை. கார் பிரியர்களின் பேச்சிலும் இந்த மூன்றும் இப்படித்தான் கலந்து கிடக்கின்றன. "பூஸ்ட்", "லேக்", "டார்க்" என்று வார்த்தைகள் பறக்கும். ஒன்றுக்குச் சொல்லும் விளக்கம் இன்னொன்றுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் காரின் விவரத்தாளில் எஞ்சின் பகுதி மட்டும் ஏறக்குறைய இப்படி இருக்கும்: எஞ்சின் 2ஜேஇசட்-ஜிடிஇ. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர். 2,997 சிசி. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 86 × 86 மிமீ. அழுத்த விகிதம் 8.5. உச்சத் திறன் 5,600 ஆர்பிஎம்மில் (ஆர்பிஎம் என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 280 பிஎஸ். உச்ச முறுக்குவிசை 3,600 ஆர்பிஎம்மில் 44 கிலோ-மீட்டர். இந்தச் சில எண்கள் புரிந்தால் போதும், தொண்ணூறுகளின் எந்த ஜப்பானிய டர்போ காரின் தாளையும் படித்துவிடலாம்.

எஞ்சினும் விறகடுப்பும்

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடுப்பு மங்கினால் இன்னும் இரண்டு விறகைத் திணிப்பதில் பயனில்லை, புகைதான் மண்டும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் குப்பென்று பற்றும். அடுப்புக்குப் பற்றாமல் போவது பெரும்பாலும் விறகு அல்ல, காற்று.

பெட்ரோல் எஞ்சினும் அப்படியே. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையாகச் சொன்னால் இது பெரிதாகத் தெரியாது. கொள்ளளவில் பார்த்தால் பெட்ரோல் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு, அதற்கான காற்றோ சுமார் 12,000 லிட்டர். பெட்ரோலைப் பீய்ச்சுவது சுலபம். இவ்வளவு காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

ஒரு தடவைக்கு எவ்வளவு காற்றுக்கு இடம் இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் சிசி. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் இடம் அது. 86 மிமீ விட்டமும் 86 மிமீ ஓட்டமும் கொண்ட ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 499.6 சிசி வரும். ஆறால் பெருக்கினால் 2,997. பள்ளியில் படித்த உருளைச் சூத்திரமேதான். இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோதுதான் பையன் முதல்முறையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

இதே 2,997 சிசியில் டர்போ இல்லாத சுப்ராவும் உண்டு. அந்த எஞ்சின் ஜப்பானில் 225 பிஎஸ் தந்தது. இந்த எண் அப்புறம் தேவைப்படும்.

டர்போ: ஒரு தண்டில் இரண்டு காத்தாடி

சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்ச வேண்டும். டர்போ என்பது அதற்கு வைத்த ஊதுகுழல். ஊதுவதற்கான தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம்.

ஒரே குச்சியின் இரண்டு முனையிலும் காத்தாடி குத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையும் சேர்ந்து சுற்றும். எஞ்சினில் எரிந்து முடிந்த சூடான புகை வெளியேறும் வழியில் இருக்கும் முதல் சக்கரத்தின் பெயர் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில், புதிய காற்று உள்ளே வரும் வழியில் இருக்கும் சக்கரம் கம்ப்ரெசர். வீணாகப் போகவிருந்த புகை டர்பைனைச் சுழற்றுகிறது, கம்ப்ரெசர் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வேகம் கூடினால் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும்.

இது முற்றிலும் இலவசமும் அல்ல. புகை போகும் வழியில் ஒரு சக்கரத்தை நிறுத்தினால் எஞ்சின் அதையும் தள்ளித்தான் புகையை வெளியேற்ற வேண்டும். ஆனாலும் கொடுப்பதைவிடத் திரும்ப வருவது பல மடங்கு.

உள்ளே தள்ளப்படும் காற்றின் கூடுதல் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். சுப்ராவின் டர்போ அதற்கு மேல் முக்கால் பார் அளவுக்கு ஏற்றும். ஆக, எஞ்சின் வாசலில் நிற்கும் காற்றின் மொத்த அழுத்தம் 1.75 பார்.

இதுவரை பார்த்தது: திறனுக்குக் காற்று வேண்டும். சிசி என்பது காற்றுக்கான இடம். வெளியேறும் புகையைக் கொண்டே அதே இடத்தில் கூடுதல் காற்றை அமுக்கி நிரப்புவது டர்போ.

அப்படியானால் திறனும் 1.75 மடங்கு ஆக வேண்டாமா?

ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், சூடானால் விரியும், விரிந்தால் அதே இடத்தில் குறைவான காற்றுதான் அடங்கும். அதனால்தான் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரேடியேட்டர் போன்ற ஒரு பாகத்தை வைத்து வெளிக்காற்றால் அந்தச் சூட்டைக் குறைக்கிறார்கள். அதுதான் இன்டர்கூலர். முழுச் சூட்டையும் அதனால் எடுக்க முடியாது.

அடுத்த சிக்கல் அழுத்த விகிதம். பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பதே அது. டர்போ இல்லாத சுப்ராவில் 10, டர்போ வைத்ததில் 8.5. டர்போ வைத்த காரில் ஏன் குறைக்க வேண்டும்? ஏற்கெனவே அமுக்கி வந்த காற்றை மேலும் அதே அளவு நெருக்கினால், ஸ்பார்க் பிளக் பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை சூட்டிலேயே தானாக வெடித்துவிடும். இதற்கு நாக்கிங் என்று பெயர். சுத்தியலால் தட்டுவதுபோல ஓசை வரும், விட்டுவைத்தால் பிஸ்டனே உடையும். ஆகவே விகிதத்தைக் குறைக்கிறார்கள், அதற்கு விலையாகக் கொஞ்சம் திறனை இழக்கிறார்கள்.

அமெரிக்காவில் விற்ற சுப்ராவில் இந்தக் கணக்கு கண்முன்னே தெரியும். டர்போ இல்லாதது 220 எச்பி (குதிரைத்திறன்), டர்போ வைத்தது 320 எச்பி. சுமார் 1.45 மடங்கு. காற்றழுத்தம் 1.75 மடங்கு ஏறியும் கைக்கு வந்தது இவ்வளவுதான். மீதி சூட்டிலும், குறைத்த விகிதத்திலும், புகைவழியின் நெருக்கத்திலும் கரைந்துவிடுகிறது.

வேஸ்ட்கேட்: வெளியேறுவது எது?

டர்போவை அப்படியே விட்டால் புகை கூடக்கூட அது இன்னும் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் எகிறும், எகிறிய பூஸ்ட் இன்னும் புகையைக் கூட்டும். இதற்குக் கடிவாளம் போடுவது வேஸ்ட்கேட். இதைப் பலர் குக்கர் வெயிட்டோடு ஒப்பிடுவார்கள். ஒப்பீடு பாதிதான் சரி. குக்கரில் உள்ளே சேர்ந்த ஆவியே வெளியேறுகிறது. வேஸ்ட்கேட் வெளியேற்றுவது அமுக்கிய காற்றை அல்ல. டர்பைனுக்குப் போகவேண்டிய புகையில் ஒரு பங்கைச் சுற்றுவழியில் திருப்பிவிடுகிறது. காத்தாடிக்கு ஊதுவதைக் குறைப்பது மாதிரி.

இரண்டு டர்போ எதற்கு?

பையனின் கேள்விக்கு வருவோம். இந்தக் காரின் மிக அழகான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். மக்கள் அதிகம் தவறாகச் சொல்வதும் இதைத்தான்.

வாய்க்கால் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீர் குறைவு. இரண்டு வாய்க்காலையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் இரண்டிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஊர்ந்து வழியிலேயே சுண்டிவிடும். விவரம் தெரிந்தவர்கள் முறை வைப்பார்கள். முதலில் எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடு, அது கடைமடை வரை பாயட்டும். வரத்து பெருகியதும் இரண்டாவது மடையையும் திற.

சுப்ராவின் இரண்டு டர்போவும் இதே முறைவைப்பில் இயங்குகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு. அப்போது ஆறு சிலிண்டரின் புகையும் முதல் டர்போவுக்கு மட்டுமே போகும். அதனால் 1,800 ஆர்பிஎம் வாக்கிலேயே அது உருப்படியாகக் காற்றுத் தள்ளத் தொடங்கும். வேகம் ஏற ஏற, ஒரு டர்போவுக்குத் தாங்காத அளவு புகை சேரும். அப்போது இரண்டாவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையை விட்டு முன்கூட்டியே சுழலவைப்பார்கள். 4,000 ஆர்பிஎம் வாக்கில் மடை முழுதாகத் திறக்கும், இரண்டும் சேர்ந்து ஊதும். இதற்குப் பெயர் வரிசைமுறை இரட்டை டர்போ.

"ஒன்று சின்ன டர்போ, ஒன்று பெரிய டர்போ" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படியும் கார்கள் உண்டு. ஆனால் சுப்ராவில் இரண்டும் ஒரே அளவு. சின்னதின் சுறுசுறுப்பு முதலில் கிடைப்பதற்குக் காரணம், எல்லாப் புகையும் ஒன்றிலேயே குவிவதுதான்.

இரட்டை டர்போ என்றாலே இந்த முறைதான் என்றும் நினைக்க வேண்டாம். 1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரிலும் இரண்டு டர்போ உண்டு. அங்கே மூன்று சிலிண்டருக்கு ஒன்று என்று பங்கு பிரித்துவிடுவார்கள், இரண்டும் எப்போதும் ஒன்றாகவே வேலை செய்யும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் 1991 தலைமுறையோ சுப்ராவைப் போல முறைவைப்பு. தாளில் எல்லாவற்றுக்கும் "ட்வின் டர்போ" என்றே இருக்கும். உள்ளே நடப்பது வேறு வேறு.

இங்கேயே இரண்டு சொற்களைப் பிரித்துவிடுவது நல்லது. ஆக்சிலரேட்டரை மிதித்தபின் டர்போ வேகம் பிடித்து பூஸ்ட் வரும்வரை ஆகும் தாமதம் லேக். அது நொடியில் அளப்பது. இந்த ஆர்பிஎம்முக்குக் கீழே என்னதான் மிதித்தாலும், எவ்வளவு காத்திருந்தாலும், புகை போதாததால் உருப்படியான பூஸ்ட் வரவே வராது என்ற எல்லை பூஸ்ட் வரம்பு. அது ஆர்பிஎம்மில் அளப்பது. 1,500 ஆர்பிஎம்மில் டாப் கியரில் மிதித்துவிட்டு "லேக் ரொம்ப அதிகம்" என்று குறைப்படுவோர் பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான். முறைவைப்பின் முதல் பயன் இந்த வரம்பைக் கீழே இறக்குவது.

இரண்டு டர்போ என்றால் இரண்டு மடங்கு திறன் அல்ல என்பது இப்போது விளங்கும். இரண்டாவது டர்போவின் வேலை, குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் காற்று தட்டாமல் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது.

முறுக்குவிசையும் திறனும்

தாளில் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை நட்டில் மாட்டி, மறுமுனையில் 44 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த நட்டின் மேல் விழும் திருகல்தான் 44 கிலோ-மீட்டர். இன்றைய அலகில் 431 நியூட்டன்-மீட்டர். இதுவே முறுக்குவிசை, ஆங்கிலப் பேச்சில் டார்க். எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதை மட்டும் சொல்லும்.

எவ்வளவு விரைவாக வேலை முடிகிறது என்பதுதான் திறன். கிணற்றில் நீர் இறைப்பதில் வாளியின் அளவு முறுக்குவிசை என்றால், நிமிடத்துக்கு எத்தனை வாளி என்பது ஆர்பிஎம். தொட்டியில் நிமிடத்துக்கு விழும் மொத்த நீர் திறன். 75 கிலோவை 1 நொடியில் 1 மீட்டர் தூக்குவது 1 பிஎஸ். எச்பி அதைவிடச் சற்றே பெரிய அலகு. 280 பிஎஸ் என்றும் 276 எச்பி என்றும் இரண்டு இடத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

ஒரு சின்னக் கணக்கு. நியூட்டன்-மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 3,600 ஆர்பிஎம்மில் 431 என்றால் ஏறக்குறைய 162 கிலோவாட், அதாவது 221 பிஎஸ். டர்போ இல்லாத சுப்ரா தன் உச்சத்தில் தருவது 225. அந்தக் கார் எஞ்சினைக் கதறவிட்டுப் பெறும் திறனை டர்போ கார் பாதி மூச்சில் தந்துவிடுகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 5,600 ஆர்பிஎம்மில் 280 பிஎஸ்ஸுக்கு 351 நியூட்டன்-மீட்டர் போதும். 431இலிருந்து 351க்கு வாளி சிறுத்துவிட்டது. இறைக்கும் வேகம் கூடியதால் மொத்த நீர் அதிகம்.

அதனால் தாளை வாசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது 280ஐ அல்ல, முறுக்குவிசைக்குப் பக்கத்தில் இருக்கும் 3,600ஐ. தெருவில் ஓட்டும்போது காலுக்குத் தெரிவது அதுதான்.

"ஆயிரம் குதிரை தாங்கும்"

இந்த எஞ்சினைப் பற்றிய கதைகளில் முதலிடம் இதற்குத்தான். பொய் என்று தள்ள முடியாது. சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு பிளாக், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் உட்கார்ந்திருக்கும் ஏழு தாங்கிகள், இயல்பாகவே அதிர்வு குறைந்த நேர்வரிசை ஆறு. அடித்தளம் அவ்வளவு உறுதி. ஆனால் "தாங்கும்" என்பதைத் "தரும்" என்று கேட்டுவிடக் கூடாது. அந்த எண்ணை எட்டிய கார்களில் இரண்டு டர்போவையும் கழற்றி ஒரே பெரிய டர்போ வைத்திருப்பார்கள். பெட்ரோல் பம்ப், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் மாறியிருக்கும். பெரிய சக்கரம் சுழலப் பெரும்புகை வேண்டும் என்பதால் பூஸ்ட் வரம்பு மேலே ஏறிவிடும். டொயோட்டா பாடுபட்டு 1,800க்கு இறக்கியதை இவர்கள் திரும்ப 4,000க்கும் மேலே தூக்கி வைக்கிறார்கள். நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அது சரி. சிக்னலில் நின்று கிளம்பும் காருக்கு எனக்குப் பழையதே பிடிக்கும்.

280: பொய்யா?

1988இல் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் 10,000ஐத் தாண்டின. கார்களின் திறன் போட்டியோ ஏறிக்கொண்டே போனது. 1989இல் நிஸான் ஃபேர்லேடி இசட் 280 பிஎஸ்ஸோடு வந்ததும், உள்நாட்டில் விற்கும் எந்தக் காரும் அதற்கு மேல் அறிவிப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டார்கள். சட்டம் இல்லை, சொல்லுறுதி. அதன்பின் நடந்ததைப் பாருங்கள்: 2,568 சிசி ஸ்கைலைன் ஜிடி-ஆர் 280. டர்போவே இல்லாத ஹோண்டா என்எஸ்எக்ஸ் 280. மிட்சுபிஷி ஜிடிஓ 280. 255இல் தொடங்கிய ஆர்எக்ஸ்-7 ஏறி ஏறி 1999இல் 280இல் வந்து நின்றது. வெவ்வேறு எஞ்சின்கள் ஒரே எண்ணில் முட்டுகின்றன என்றால், அது எஞ்சினின் எல்லை அல்ல, அறிவிப்பின் எல்லை.

ஆனால் "ஜப்பான் சுப்ராவும் அமெரிக்க சுப்ராவும் ஒன்றே, தாளில் மட்டும் 280, 320 என்று மாற்றிப் போட்டார்கள்" என்பதும் தவறு. ஜப்பான் காரின் டர்பைன் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு, விரைவில் வேகம் பிடிக்கும், ஆனால் பூஸ்ட்டை அளவுமீறி ஏற்றினால் நொறுங்கும். வெளிநாட்டுக்குப் போனதில் உலோகச் சக்கரம், பெரிய இன்ஜெக்டர். பாகங்களே வேறு.

கடைசியாக ஒன்று. 1997இல் வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் விவிடி-ஐ முறை இந்த எஞ்சினுக்கு வந்தது. முறுக்குவிசை 44இலிருந்து 46 கிலோ-மீட்டர் ஆயிற்று. திறன்? அதே 280. 280 என்ற சுவர் தாளில் திறன் கட்டத்துக்கு மட்டும்தான், பக்கத்தில் இருக்கும் முறுக்குவிசைக் கட்டத்துக்குச் சுவர் இல்லை.

2002இல் தயாரிப்பு நின்றபோதும் சுப்ராவின் தாளில் 280தான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2004இல், 300 பிஎஸ் என்று அறிவித்து அந்தச் சுவரைத் தாண்டியது ஹோண்டா லெஜெண்ட். நான்கு கதவு வைத்த ஒரு செடான். அதில் டர்போ கிடையாது.